விளக்கு வைத்த பின் கீரை

நவம்பர் 18, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். மீசைக்குப் பாலக்கீரை கொடுத்துவிட்டேன்.

கொடுக்கக் கூடாது என்று தெரியும். பாலக்கீரை உடம்பில் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது, தாடி ஓந்திக்கு எலும்பு வளைந்துவிடும் என்று மீசையைக் கொடுத்த நிறுவனத்தின் பயிற்சியிலேயே சொன்னார்கள். ஒரு வேளை கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார்கள். ஆனால் எனக்கு முதலில் சொன்னதுதான் எப்போதும் காதில் நிற்கிறது.

காலையில் பறித்த முருங்கைக்கீரை குளிர்பெட்டியில் கறுத்துப்போயிருந்தது. ஈரத்துணியில் சுற்ற மறந்தது நான்தான். மாலை டிப்ளமா வகுப்பிலிருந்து வரவும் நேரமாகிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் எல்லோருடைய மின்சுற்றும் வேலை செய்தது, என்னுடையது மட்டும் செய்யவில்லை. கடைசியில் பார்த்தால் ஒரு கம்பியை இடம் மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து முருங்கை மரத்துக்கு ஓடினேன். என் மாமியார் குறுக்கே வந்து நின்றார்.

"விளக்கு வெச்சாச்சு புள்ள. மரம் தூங்குது."

"ஒரே ஒரு கொப்புங்கத்தை."

"கொப்போ எலையோ, தூங்கறதத் தொடக் கூடாது. காலையில பறிச்சுக்கலாம்."

"மீசைக்கு இப்பக் குடுக்கோணுமேங்க."

"அதைப் பொழுதோட ரோசிச்சிருக்கோணும்."

அத்தையைத் தாண்டிப் போய் யாரும் அந்த மரத்தைத் தொட்டதில்லை. முக்குக் கடையில் பொட்டலத்தில் இருந்தது பாலக்கீரை மட்டும்தான்.

மீசை முழங்கையளவு நீளம் இருக்கும். மணல் நிறம். கழுத்தைச் சுற்றி முள் முள்ளாகத் தாடி. "தாடி அதுகிட்டயே இருக்குது, மீசையாவது நாம வெப்போம்" என்று பெயர் வைத்தவர் என் கணவர் நிரஞ்சன். அதன் தலைக்குப் பின்னால் துவரம்பருப்பளவு ஒரு பொத்தான் இருக்கிறது. மீசை தின்னும்போது நாக்கில் படும் ருசியும், வயிற்றில் அடங்கும் பசியும் அந்தப் பொத்தான் வழியாகக் கிளம்பி, செவ்வாய்க் கிரகத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் ஒரு விண்கப்பலுக்குப் போகின்றன. அங்கே குளிர்ந்த படுக்கையில் தூங்கும் அவருடைய மூளை அவற்றை வாங்கிக்கொள்கிறது. அங்கிருந்து எங்களுக்கு வருவது ஒன்றே ஒன்று. அவர் வாயில் எச்சில் எவ்வளவு ஊறியது என்பதைக் காட்டும் ஒரு கோடு. மறுநாள் காலை கைபேசியில் அதைப் பார்க்கலாம். அதற்கும் அப்பால் உள்ள ஒரு சுரங்கத்தின் பம்புகளைப் பழுது பார்க்கப் போகிறவர் அவர். போய்ச் சேரவே மூன்று வருஷம். அதுவரை தூக்கம்தான்.

பாலக்கீரையை மீசை ஆசையாகத் தின்றது. அதுதான் பயமாக இருக்கிறது. அவருக்கும் அது பிடித்திருந்தால் என்ன செய்வது? அவருக்கு எந்தக் கீரை பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி ஒரு மழைக்காலம் சேர்ந்திருந்தோம். எதைப் போட்டாலும் "நல்லாருக்குது" என்பார். நான் வகுப்பு முடிந்து வரும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டிருக்கலாமே என்று கேட்டால், "பசிக்கல" என்பார். அப்புறம் என்னோடு உட்கார்ந்து ஆறு தோசை தின்பார். இதிலிருந்து கீரையைப் பற்றி என்ன கண்டுபிடிப்பது?

நாளை: பறித்த உடனே கீரையை ஈரத்துணியில் சுற்ற வேண்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

மீசைக்கு ஒன்றும் ஆகவில்லை. கோடும் வழக்கம்போலத்தான் இருந்தது.

கீரைக்காரப் பொன்னாத்தா அக்கா வண்டியை நிறுத்தினார். எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் தாடி ஓந்தி வந்துவிட்டது. இங்கே ஓணானை ஒடக்கான் என்பார்கள். அதனால் பொன்னாத்தா அக்காவுக்கு நாங்கள் மூன்று பேரும் "ஒடக்கான் ஊட்டுக்காரிகள்". மல்பெரி இலையும் முள்ளங்கிக் கீரையும் எங்களுக்காகத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்.

"ஏங்கண்ணு, ரொம்ப நாளாக் கேக்கோணும்னு இருந்தேன். இது இங்க தின்னா அங்க அவருக்கு எதுக்கு ருசிக்கோணும்? தூங்கறவருக்குத்தான் குழாயில கஞ்சி போவுதுல்ல?"

"கஞ்சி வயித்துக்குங்க்கா. நாக்கு மறந்துபோயிருது. மொதல் தடவ போனவங்க எந்திரிச்சப்ப ஒருத்தருக்கும் சோறு எறங்கல. மண்ணத் திங்கற மாதிரி இருக்குதுன்னாங்க. எளைச்சே செத்துப்போனவங்க இருக்காங்க."

"மிசின வெச்சு ருசி காட்டறது?"

"காட்டிப் பாத்தாங்க. மிசினுக்குப் பசிக்காதில்லீங்க. பசியோட சேந்து வந்தாத்தான் மூளை நம்புது."

"அப்ப நீயே அந்தப் பொத்தான ஒட்டிக்கிட்டுத் தின்னுட்டுப் போவியா! ஒடக்கான் எதுக்கு நடுவுல?"

"மனுசங்களத்தான் மொதல்ல ஒட்ட வெச்சாங்க. ருசியோட இங்க இருக்கற ஏக்கமும் சேந்து போயிருச்சு. அங்க தூங்கறவங்க அழுதுக்கிட்டே எந்திரிச்சுட்டாங்க. நாய வெச்சா, அதுவும் வாசலப் பாத்துக்கிட்டே கெடக்குது. ஏங்காத உசுரா வேணும்னு தேடித்தான் இதுகிட்ட வந்தாங்க. திங்கும், வெயில் காயும், தூங்கும். அவ்வளவுதான்."

பொன்னாத்தா அக்கா தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏங்காத உசுரு வேணும்னு என்கிட்டச் சொல்லியிருந்தா என்ற ஊட்டுக்காரரையே குடுத்திருப்பனே! கீரையும் திம்பாரு. வெயிலும் காய்வாரு."

அத்தையும் சிரித்தார். என் கணவர் போன பிறகு அத்தை சிரித்து இன்றுதான் பார்த்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

இன்று அத்தைக்கும் எனக்கும் சண்டை வந்தது. நடந்ததை முறையாக எழுத முயல்கிறேன்.

பகலில் எனக்கு பம்ப் கம்பெனியின் கிடங்கில் வேலை. விடியும்போதே கிளம்பிவிடுவேன். அதனால் காலைக் கீரையை அத்தை கொடுக்கிறார். மாலைக் கீரையை வகுப்பு முடிந்து வந்து நான் கொடுக்கிறேன். கோடு வந்த நாளிலிருந்தே மாலையில்தான் அவருக்கு எச்சில் அதிகம் ஊறுகிறது. காலையில் அதில் பாதிகூட இல்லை. இதை அத்தை தினமும் பார்க்கிறார். நான் வேறு "எல்லாம் ஒண்ணுதாங்கத்தை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

இன்று வந்த கோட்டில் நேற்றைய காலைக்கு ஒன்றுமே இல்லை. தரையோடு தரையாகக் கிடந்தது. நேற்று காலை என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"கீரைதான்."

"என்ன கீரைங்க?"

"அரைக்கீரை. கடைஞ்சது."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மண்சட்டியில் வேகவைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பும் போட்டு, மத்தால் கடைந்து, அதில் ஒரு கரண்டியை மீசையின் கிண்ணத்தில் வைத்திருக்கிறார்.

"அத்தை, அதுக்கு உப்பே ஆகாதுங்க! வெங்காயம் வெசங்க!"

"ஒடக்கானுக்கு ஆகாதுன்னு எனக்கும் தெரியும். என்ற பையனுக்கு ஆகுமில்ல? அவன் சட்டியில ஒட்டுனத வழிச்சுத் திம்பான். மூணு வருசத்துக்கும் பச்சத் தழையவே மென்னுக்கிட்டுக் கெடக்கறதுக்கு அவன் என்ன ஆடா?"

"மீசை செத்துருச்சுன்னா அவருக்குத் தழைகூடக் கெடைக்காதுங்கத்தை."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அத்தை கைபேசியில் அந்தத் தட்டைக் கோட்டைப் பார்த்தார்.

"அப்ப என்ற கைப் பக்குவம் அவனுக்கு மறந்துபோச்சு."

இல்லை என்று சொன்னேன். மீசை அதை வாயில் வைத்ததுமே கல்லில் தேய்த்துத் துப்பியிருக்கிறது. பிடிக்காமல் துப்பியது பசியோடு சேர்ந்து போகாது. அங்கே ருசியாகப் போய்ச் சேர்ந்திருக்காது என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை.

இதையும் எழுதிவிட வேண்டும். அந்தக் கோடு தட்டையாகக் கிடந்ததைப் பார்த்த முதல் கணத்தில் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. உடனே போய்விட்டது. ஆனால் வந்தது.

டிசம்பர் 7, ஞாயிறு

சண்டை தீர்ந்தது. அத்தைதான் வழி சொன்னார். "கீரையும் ஒண்ணு, கிண்ணமும் ஒண்ணு. பொழுது சாஞ்சா மட்டும் அவனுக்கு என்ன அப்படி ஊறுது? அதக் கண்டுபிடி. நீதான் படிக்கிறியே."

அதனால் இந்த வாரம் முழுவதும் சோதித்தோம். காலையிலும் மாலையிலும் ஒரே முருங்கைக்கீரை, ஒரே கொப்பில் பறித்தது. அப்போதும் மாலைதான் அதிகம். அடுத்து செம்பருத்தி இலையோடு ஒரு பூ, அது மீசைக்கு உயிர். அதை அத்தை காலையில் கொடுத்தார். மாலையில் நான் வெறும் முள்ளங்கிக் கீரை கொடுத்தேன். அப்போதும் மாலைதான். கிண்ணத்தை மாற்றினோம். மீசையின் பெட்டியில் எரியும் விளக்கின் சூட்டை மாற்றினோம். ஒரு நாள் மாலையில் நான் கிண்ணத்தை வைக்காமல் அத்தையை வைக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். மாலைதான் அதிகம்.

"நீ பக்கத்துல நின்னா எப்படி?" என்றார் அத்தை. "தள்ளிப் போயி நில்லு."

தள்ளிப் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சோதனையை மட்டும் நாளைக்கு என்று ஒதுக்கிவைத்தேன். விடை தெரிந்துவிடும் என்ற பயமா, தெரியாமலே போய்விடும் என்ற பயமா என்று எனக்கே தெரியவில்லை.

மீசை இப்போது என் கையிலிருந்தே இலையை வாங்குகிறது. மெல்லும்போது கண்ணை மூடிக்கொள்கிறது. அவர் இப்போது மெல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். செய்தி போய்ச் சேரவே நேரமாகும், இப்போது மெல்வது மீசைதான் என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் அதற்குக் கணக்குகூடப் போட்டிருக்கிறோம். இருந்தாலும் நினைத்துக்கொள்வேன்.

டிசம்பர் 12, வெள்ளி

நிறுவனத்திலிருந்து டாக்டர் பர்வீன் திரையில் பேசினார். தூங்குகிறவர்களைக் கவனிக்கும் பிரிவு. அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மைவிழி, உங்களுக்கு நாங்க அனுப்புறது சாப்பிடுற நேரத்துக் கோடு மட்டும்தான். இன்னைக்கு முழு நாள் கோட்டைக் காட்டுறேன், பாருங்க."

பார்த்தேன். காலையில் ஒரு மேடு, சின்னது. மாலையில் ஒரு மலை. ஆனால் அந்த மலை நான் கிண்ணத்தை வைக்கும்போது ஆரம்பிக்கவில்லை. அதற்கு வெகுநேரம் முன்பே, நான் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே, கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியிருந்தது.

"அப்ப யாருங்க டாக்டர் சாப்பாடு வெக்கறாங்க?" என்றார் அத்தை. "நான் ஒண்ணும் வெக்கலீங். சாமி சத்தியமா அந்தக் கடைசலுக்கு அப்பறம் நான் எதுவும் வெக்கலீங்."

"என்ன கடைசல்?"

"அது... ஒண்ணுமில்லீங்."

டாக்டர் சிரிக்காமல், மீசையின் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் உள்ள கேமரா எடுத்ததைப் போட்டுக் காட்டினார். பொழுது சாய்ந்ததும் மீசை கல்லை விட்டு இறங்குகிறது. கண்ணாடியின் மேல் இரண்டு முன்னங்கால்களையும் வைத்து நிமிர்ந்து நிற்கிறது. கேட் இருக்கும் பக்கம் பார்க்கிறது. கண்ணாடியைச் சுரண்டுகிறது. என் ஸ்கூட்டரின் வெளிச்சம் சுவரில் படும்வரை அப்படியே நிற்கிறது.

"அது உங்களைத் தேடுதும்மா. ஏங்காத உயிர்னு நினைச்சுத்தான் குடுத்தோம். நீங்க ஏங்கக் கத்துக்குடுத்துட்டீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"இது உங்க தப்பில்ல. ஆனா இது ருசி இல்ல, இரைச்சல். அந்த நேரத்துல உங்க கணவரோட தூக்கம் தினமும் மேல வருது. ஒரு நாள் முழிச்சுட்டாருன்னா அந்தக் கப்பல்ல முழிச்சிருக்கிற ஆள் அவர் ஒருத்தர்தான். நடுவழியில மறுபடியும் தூங்கவைக்க எங்ககிட்ட வழி இல்ல. ரெண்டு வருஷத்துக்கும் மேல இருட்டுல தனியா இருக்கணும். அதுவரைக்கும் இருப்பாரான்னு சொல்ல முடியாது."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வழிகள் இருப்பதாக டாக்டர் சொன்னார். ஒன்று, பொதுக் கிண்ணம். நிறுவனத்தின் கூடத்தில் வளரும் ஓந்திகள் தின்பதை அவருக்கு அனுப்புவார்கள். மீசையின் பொத்தானைக் கழற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு நாங்கள் எதைக் கொடுத்தாலும் அவருக்குப் போகாது. பொதுக் கிண்ணத்தில் இருந்தவர்கள் நன்றாகத்தான் எழுந்திருக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். ஆனால் வீட்டுச் சாப்பாடு என்று அவர்களுக்குத் தனியாக ஒன்று தோன்றுவதில்லையாம். இன்னொன்று, நான் மாலையில் வீட்டை விட்டுப் போகாமல் இருப்பது.

"நீங்க பக்கத்துலயே இருந்தா அது யாரையும் தேடாது. வகுப்பு முக்கியம்தான். யோசிச்சு திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க."

என் கணவர் என்னைத் தேடவில்லை. தேடியது மீசை. டாக்டர் தெளிவாகச் சொன்னார், நானும் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் அந்த மலை ஏறும் இடத்தைக் கண்ணை மூடினாலும் பார்க்க முடிகிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

வகுப்பை விட்டுவிடுவதாக முடிவு செய்து, அத்தையிடம் சொன்னேன். எப்படியும் நான் அப்படியொன்றும் நன்றாகப் படிப்பவள் இல்லை.

அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவன் எந்திரிச்சு வந்து, மைவிழி டிப்ளமா முடிச்சாளாம்மான்னு கேப்பான். நான் என்னன்னு சொல்றது? ஒடக்கானப் பாத்துக்கிட்டு ஊட்டுல உக்காந்திருந்தாடா சாமின்னா?"

"அவரு எந்திரிச்சு வரோணுமில்லீங்கத்தை. அதுதான முக்கியம்."

"வருவான். அதுக்காக நீ ஊட்டுல உக்காரோணும்னு எவ சொன்னா?"

"டாக்டர் சொன்னாங்களே."

"அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு? நீ பக்கத்துல இருந்தாத் தேடாதுன்னுச்சு. ஊட்டுல இருக்கோணும்னா சொல்லுச்சு?" ஒரு காம்பை உருவி முறத்தில் போட்டார். "இவன் கைக்கொழந்தையா இருக்கயில நான் மில்லு வேலைய விட்டனா? தூக்கிட்டுத்தான் போனேன். பஞ்சுக் குடோன்ல சேலையில தூரி கட்டிப் போட்டுட்டு வேல செஞ்சேன். கூடையில போட்டு நீயும் தூக்கிட்டுப் போ."

"வகுப்புக்கா? மீசையவா?"

"கடிக்குமா?"

"கடிக்காதுங்க."

"கத்துமா?"

"கத்தாதுங்க."

"அப்ப உங்க வகுப்புல பாதிப் பேர விட ஒழுக்கமாத்தான் இருக்கும். போ."

மூங்கில் கூடை ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினார். அடியில் அவருடைய பழைய சேலையை நான்காக மடித்துப் போட்டார். வெந்நீர்ப் பையை வைத்து, சூடு போதுமா என்று தன் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். மீசையைத் தூக்கி உள்ளே வைக்கும்போது, "படுத்துக்க சாமி" என்றார். அத்தை யாரை சாமி என்று கூப்பிடுவார் என்பது எனக்குத் தெரியும். சொன்னபின் அவருக்கும் அது தெரிந்தது.

டிசம்பர் 15, திங்கள்

காலையில் டாக்டரிடம் சொன்னோம். "முயற்சி பண்ணிப் பாருங்க" என்றார். மாலையில் மீசையோடு வகுப்புக்குப் போனேன்.

ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது கூடையைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா அது, பல்லியா?"

"தாடி ஓந்திங்க சார். எங்க வீட்டுக்காரரோடது. செவ்வாயத் தாண்டிப் போயிருக்காரு."

ஆசிரியர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "அதுக்கும் அட்டெண்டன்ஸ் போடணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இடைவேளையில் மல்பெரி இலையைக் கிள்ளிக் கொடுத்தேன். வயிறு நிறையத் தின்றுவிட்டு, அலைவடிவப் பாடம் தொடங்கும் முன்பே என் மடியில் கண்ணை மூடிக்கொண்டது. யாரையும் தேடவில்லை. தேட ஒன்றும் இல்லையே.

முடிந்து கிளம்பும்போது ஆளாளுக்கு வந்து மீசையைத் தொட்டுப் பார்த்தார்கள். தலைக்குப் பின்னால் இருந்த பொத்தானைப் பற்றிக் கேட்டார்கள். ஒருத்தி அதனிடம் குனிந்து, "அண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே கூடையை அவள் பக்கம் திருப்பினேன். இதிலேயே நேரமாகிவிட்டது. சிங்காநல்லூர் சிக்னலிலும் வெகுநேரம் நின்றேன். வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். மீசை கூடையில் தூங்கிக்கொண்டே வந்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

முழு நாள் கோடு வந்தது. இனி அதைத் தினமும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மலை இல்லை. காலையில் ஒரு மேடு, இடைவேளை மல்பெரிக்கு ஒரு மேடு, இரண்டும் ஒரே அளவு. அத்தையும் நானும் சமமாகிவிட்டோம். மற்ற இடமெல்லாம் சமவெளி. "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் டாக்டர் பர்வீன். "நேத்து நல்ல ஆழமான தூக்கம். இப்படியே தொடருங்க. பொதுக் கிண்ணம் தேவைப்படாது."

நன்றி சொன்னேன். என் கணவர் காப்பாற்றப்பட்டார். கீரையும் எங்கள் கையிலேயே இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். நான் கூடவே இருப்பதால் இனி அங்கே யாரும் எனக்காகக் காத்திருக்கப் போவதில்லை. ஏக்கம் முழுவதும் இங்கேயே, என்னிடமே தங்கிவிட்டது. என் தலையில் பொத்தான் இல்லாததால் அது எங்கும் போகாது. இதுதான் சரி. இப்படித்தான் இருக்க வேண்டும்.

கைபேசியை மூடப்போகும்போதுதான் அதைப் பார்த்தேன்.

சமவெளியின் நடுவில் ஒரு சின்னப் புடைப்பு. பாய்க்கு அடியில் ஒரு நெல்மணி கிடந்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான். செய்தி போய்ச்சேரும் நேரத்தைக் கழித்துத்தான் இந்தக் கோட்டைப் போடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் அது ஆரம்பிப்பது, நான் எப்போதும் வகுப்பு முடிந்து கேட்டைத் திறக்கும் நேரம். ஆனால் நேற்று அந்த நேரத்தில் நான் கேட்டைத் திறக்கவில்லை. சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். மீசை வயிறு நிறைந்து, என் காலருகே கூடையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பசி இல்லை. தேடவும் யாரும் இல்லை.

அந்தப் புடைப்பு உடனே அடங்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்து, அந்தக் கிறீச்சில் மீசை கண் விழித்த நேரம்வரை நீண்டு, அங்கே இறங்குகிறது.

டாக்டரை மறுபடியும் கூப்பிட்டுக் கேட்டேன். அவரும் பார்த்தார். "இது வரம்புக்கு ரொம்பக் கீழ இருக்கும்மா. தூக்கத்தைத் தொடல. மீசையோட பக்கமிருந்து எதுவும் போகலைன்னும் தெரியுது. ஏதாவது இரைச்சலா இருக்கும். விட்டுடலாம்."

இரைச்சல் எங்கிருந்தாவது வர வேண்டும். அதுதான் வகுப்பில் முதல் பாடம். ஸ்கூட்டரின் அதிர்வாக இருக்கலாம். வெந்நீர்ப் பை ஆறியதாக இருக்கலாம். நான் பார்க்க விரும்புவதைப் பார்ப்பதாகவும் இருக்கலாம். அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு நாள் கோட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது.

அத்தையிடம் காட்டினேன். நேரத்தையும், நான் எங்கே நின்றிருந்தேன் என்பதையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"கேட்டா, பசிக்கலம்பான்," என்றார்.

கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"நாளைக்கி நேரத்துக்கு வந்துரு புள்ள."

நாளை: விளக்கு வைப்பதற்கு முன் முருங்கைக்கீரை பறித்து ஈரத்துணியில் சுற்ற வேண்டும். வெந்நீர்ப் பைக்குப் புது மூடி வாங்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் யாரோடும் பேசிக்கொண்டு நிற்காமல் கிளம்ப வேண்டும். சிங்காநல்லூர் வழியாக வேண்டாம்.